அந்த அம்மாவின் குரலை விளம்பரத்திலிருந்து எடுங்கள்: பயிற்சி நிறுவன நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

நிறுவனர் அவர்களுக்கும், பயிற்சி, விற்பனைப் பிரிவுகளின் பொறுப்பாளர்களுக்கும்,

போன மாதம் உங்கள் நேர்மறைச் சிந்தனைப் பயிற்சிக்காக நீங்கள் ஃபேஸ்புக்கிலும் இன்ஸ்டாகிராமிலும் விட்ட விளம்பரத்தில் ஒரு பெண்ணின் குரல் வருகிறது. முகம் இல்லை. பின்னால் வயலின் ஓடுகிறது. "மூணு வருஷம் கழிச்சு இன்னைக்குத்தான் மேடம் தனியா கடைவீதிக்குப் போனேன். அத்தை கேட்டா திட்டுவாங்கன்னு சொல்லாமத்தான் போனேன். பையனுக்கு ஸ்கூல் பேக் வாங்கினேன்" என்று சொல்லிவிட்டு அழுகிறார். திரையில் மஞ்சள் எழுத்தில் "9 நாளில் மாறிய வாழ்க்கை!" என்று வருகிறது. அதற்குக் கீழே பணம் கட்டும் பட்டன்.

அந்த "மேடம்" நான்தான், உங்களிடம் வகுப்பு நடத்திய மென்டார். அந்த வாய்ஸ் மெசேஜ் வந்தது 38 பேர் மட்டும் இருந்த ஒரு வாட்ஸ்அப் குழுவில். "இங்கே பேசுவது இங்கேயே இருக்கும்" என்று முதல் நாள் எல்லோருக்கும் வாக்குக் கொடுத்தது நான். அதை வெளியே எடுக்க அவரிடம் யாரும் கேட்கவில்லை. என்னிடமும் கேட்கவில்லை. அதைவிட என்னை உறுத்துவது வேறு ஒன்று. மெசேஜ் அந்த இடத்தில் முடியவில்லை. பேக் வாங்கினதைச் சொல்லி அழுதபிறகு, மூக்கை உறிஞ்சிக்கொண்டு இன்னொரு வரி சொன்னார்: "ஆனா நாளைக்கும் போவேனான்னு தெரியல மேடம்."

அந்த வரியை வெட்டிவிட்டீர்கள்.

இதைப் பற்றி உங்களுக்கு மூன்று மெயில் அனுப்பினேன். முதல் மெயிலுக்கு "உங்கள் கருத்துக்கு நன்றி" என்று தானாக ஒரு பதில் வந்தது. இரண்டாவதற்கு அலுவலகத்திலிருந்து ஒரு தம்பி போன் செய்து, "சேரும்போதே டேர்ம்ஸ்ல டிக் பண்ணியிருக்காங்க மேடம், லீகலா ஒண்ணும் பிரச்சனை இல்லை" என்றார். அந்த டேர்ம்ஸைத் தேடி எடுத்துப் படித்தேன். 11 பக்கம், முழுக்க ஆங்கிலம், போனில் திறந்தால் கடுகு மாதிரி எழுத்து. தமிழ் மட்டும் தெரிந்தவர்களுக்காகத் தமிழிலேயே நடக்கும் வகுப்பு என்று நீங்கள் விளம்பரம் செய்த பயிற்சிக்கு இது நிபந்தனை. மூன்றாவது மெயிலுக்குப் பதிலே இல்லை. அதனால்தான் எல்லோரும் படிக்கிற இடத்தில் எழுதுகிறேன்.

நிறுவனத்தின் பெயரை நான் எழுதவில்லை. யாருக்கு எழுதுகிறேன் என்று உங்களுக்குத் தெரியும். இதே மாதிரி நடத்துகிற வேறு சிலரும் இதைப் படித்து, நம்மைத்தான் சொல்கிறாளோ என்று நினைத்தால் அதுவும் நல்லதுதான். அந்த அம்மாவிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். அவரைப் பற்றிய சில விவரங்களை மாற்றச் சொன்னார், மாற்றியிருக்கிறேன்.

நான் சேர்ந்தது 2021 ஜூனில். கொரோனா இரண்டாவது அலை. வேலை பார்த்த தனியார் பள்ளியில் சம்பளம் பாதியாகி, அப்புறம் அதுவும் நின்றுபோயிருந்தது. நேர்மறைச் சிந்தனை, ஆளுமை வளர்ச்சி என்பதிலெல்லாம் எனக்குப் பெரிய நம்பிக்கை கிடையாது. சம்பளத்துக்காகத்தான் வந்தேன். நான்கு வருடத்தில் 31 பேட்ச் நடத்தியிருக்கிறேன். இதில் ஏதோ இருக்கிறது என்று என்னை நம்ப வைத்தது உங்கள் புத்தகமோ வீடியோவோ இல்லை, வகுப்புக்கு வந்த ஆட்கள்.

வகுப்பு இரவு எட்டரைக்கு. முதலில் ஏழு மணி என்றுதான் வைத்திருந்தீர்கள், ஞாபகம் இருக்கும். ஏழு மணிக்குப் பெண்கள் வர முடியாது, அடுப்படி நேரம். ஒன்பதரைக்கு மாற்றினால் பாதிப் பேருக்கு அன்றைய ஒன்றரை ஜிபி தீர்ந்திருக்கும், பிள்ளைகள் ரீல்ஸ் பார்த்துத் தீர்த்திருப்பார்கள். மூன்று பேட்ச் நடத்தி அடிபட்ட பிறகுதான் எட்டரை என்று கண்டுபிடித்தோம். பல வீடுகளில் ஒரே ஒரு நல்ல போன்தான். அது கணவரோடு வெளியே போய்விட்டு எப்போது வீட்டுக்கு வரும் என்பதைப் பொறுத்துத்தான் வகுப்பு. கேமராவை அணைத்து வைக்கலாம் என்று விதியை மாற்றியதும் நாங்கள்தான். காரை பெயர்ந்த சுவரையும் கொடியில் தொங்கும் துணியையும் முப்பது பேருக்குக் காட்ட யாருக்கு மனசு வரும்? மொட்டைமாடியில் நின்றுகொண்டு பேசியவர்கள் உண்டு. குக்கர் விசில் அடிக்க அடிக்கப் பேசியவர்கள் உண்டு. ஐந்து ஐந்து பேராகப் பிரித்து ஜூமில் சிறு அறைகளுக்கு அனுப்புவோம், கால் மணி நேரம். அங்கே ஒரே விதி: யாரும் யாருக்கும் அறிவுரை சொல்லக் கூடாது, கேள்வி மட்டும் கேட்கலாம். நம் ஊரில் இதைவிடக் கஷ்டமான விதி கிடையாது.

குமாரபாளையத்திலிருந்து ஒரு விசைத்தறித் தொழிலாளி வந்தார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். மகள் சேர்த்துவிட்டிருந்தாள். ஆறாம் நாள் "நன்றி நோட்டு" பயிற்சி. அன்றைக்கு நடந்த நல்லது மூன்று எழுத வேண்டும், பக்கத்தில் ஒவ்வொன்றும் ஏன் நடந்தது என்றும் எழுத வேண்டும். முதல் நாள் அவர் "ஒண்ணும் இல்லை" என்று எழுதிப் போட்டோ எடுத்து அனுப்பினார். இரண்டாம் நாள் வெறும் பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்பினார். மூன்றாம் நாள் சிறு அறையில் இருந்த ஒரு பெண் அவரிடம், "அண்ணா, தறியில என்ன ஆனா உங்களுக்குக் கோபம் வரும்?" என்று கேட்டார். "பாவு இழை அறுந்தா. நிறுத்தி முடிச்சுப் போடணும். நின்ன நேரத்துக்குக் கூலி கிடையாது, மீட்டர் கணக்குத்தான." "இன்னைக்கு எத்தனை தடவை அறுந்துச்சு?" கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அன்று இரவு அவர் அனுப்பின பக்கம் என்னிடம் இன்னும் இருக்கிறது: "கரண்ட் போகல. பாவு ரெண்டு தடவைதான் அறுந்துச்சு. பொண்ணு போன் பண்ணுச்சு." மூன்றாவதற்குப் பக்கத்தில், ஏன் என்ற இடத்தில், "நேத்து நான் பண்ணினதால" என்று எழுதியிருந்தார்.

அந்தப் பயிற்சியின் உயிர் அந்த "ஏன்" கட்டத்தில்தான் இருக்கிறது. இது என் கண்டுபிடிப்பு இல்லை. அமெரிக்க உளவியலாளர் மார்ட்டின் செலிக்மனும் அவரோடு சேர்ந்தவர்களும் 2005இல் வெளியிட்ட ஆய்வில் இதே பயிற்சி இருக்கிறது: மூன்று நல்லது, ஒவ்வொன்றுக்கும் காரணம், ஒரு வாரம். ஆறு மாதம் கழித்தும் மகிழ்ச்சி கூடி, மனச்சோர்வு குறைந்திருந்தது தெரிந்தது. 577 பேரோடு அந்த ஆய்வை இணையம் வழியாகத்தான் நடத்தினார்கள். ஆகவே ஆன்லைன் என்றாலே ஏமாற்று என்று நான் சொல்ல வரவில்லை. ஆன்லைன் இல்லையென்றால் அந்த அண்ணனை நான் சந்தித்திருக்கவே மாட்டேன்.

இந்த ஜூனில் நேரலை வகுப்பை நிறுத்தினீர்கள். "ஸ்கேல் பண்ணணும்", அதாவது ஆட்களைப் பெருக்க வேண்டும் என்றீர்கள். இப்போது 12 நிமிட வீடியோ 21. நன்றி நோட்டுக்குப் பதில் ஆப்பில் மூன்று பெட்டி, ஒவ்வொன்றிலும் 40 எழுத்து அடிக்கலாம். "ஏன்" என்ற கட்டம் இல்லை. ஏன் இல்லை என்று கேட்டேன். "யூசர்ஸ் பாதியில விட்டுட்டுப் போயிடறாங்க மேடம், ஸ்டெப் கம்மி பண்ணியிருக்கோம்" என்று பதில் வந்தது.

பாதியில் விட்டுப் போகிறவர்களைப் பற்றிக் கவலைப்பட்டீர்கள் அல்லவா, என் நோட்டில் இருக்கிற கணக்கைச் சொல்கிறேன். என் கடைசி நேரலை பேட்சில் 38 பேர் சேர்ந்தார்கள், கடைசி நாள் 27 பேர் வந்தார்கள். வீடியோ வகுப்பின் முதல் பேட்சில் எனக்குக் கொடுத்த குழுவில் 212 பேர். 21ஆம் வீடியோவைத் திறந்தவர்கள் 19. நம் கதை மட்டும் இல்லை இது. எம்.ஐ.டி.யும் ஹார்வர்டும் இணையத்தில் நடத்திய படிப்புகளை ஆராய்ந்து 2019இல் வெளியான கட்டுரையில், 2017-18இல் சேர்ந்தவர்களில் முடித்தவர்கள் நூற்றுக்கு மூன்று பேருக்குச் சற்று மேல்தான். சான்றிதழுக்குக் காசு கட்டினவர்களில் மட்டும் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக முடித்தார்கள். நம்முடையவர்கள் எல்லோரும் காசு கட்டினவர்கள். 1,999 ரூபாய்.

அப்புறம் அந்த 21. 21 நாளில் பழக்கம் மாறும், அறிவியல் நிரூபித்தது என்று முதல் வீடியோவிலேயே சொல்கிறீர்கள். 2021இலிருந்து நானும் அதையே சொல்லிக்கொண்டிருந்தேன். ஒருநாள் கல்லூரியில் படிக்கும் ஒரு பையன், எந்த அறிவியல் என்று கேட்டுவிட்டான். தேடிப் பார்த்தேன். மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜன் 1960இல் எழுதினது. அறுவை சிகிச்சை முடிந்தவர்கள் தங்கள் புது முகத்துக்குப் பழகக் குறைந்தது சுமார் 21 நாள் ஆகிறது என்று கவனித்திருக்கிறார். பழக்கத்தை வைத்து ஆய்வு செய்தது இல்லை, தன் நோயாளிகளைப் பார்த்துச் சொன்னது. போகப் போக அதிலிருந்த "குறைந்தது" காணாமல் போய்விட்டது. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் ஃபிலிப்பா லாலியும் குழுவினரும் 96 பேரை வைத்து 12 வாரம் பார்த்ததில், ஒரு சின்னப் பழக்கம் தன்னால் வரச் சராசரியாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள், வேலைக்கு வேலை அது 18 நாளிலிருந்து 254 நாள் வரை போகும் என்று கணக்கிட்டார்கள்.

இதைத் தெரிந்துகொண்டதிலிருந்து, 22ஆம் நாள் காலையில் என் ஆட்கள் என்ன நினைத்திருப்பார்கள் என்று யோசிக்கிறேன். ஊருக்கே 21 நாளில் மாறுகிறது, எனக்கு மாறவில்லை, அப்படியென்றால் கோளாறு என்னிடம்தான். நாம் 1,999 ரூபாய் வாங்கிக்கொண்டு கொடுத்தது இந்த நினைப்பையா?

கண்ணாடிப் பயிற்சியும் அப்படித்தான். தினமும் காலையில் கண்ணாடி முன்னால் நின்று "நான் வெற்றியாளர், எல்லோரும் என்னை விரும்புகிறார்கள்" என்று பத்துத் தடவை சொல்ல வேண்டும். நன்றாக இருக்கிறவர்களுக்கு அது தமாஷாகப் போய்விடும். ஏற்கெனவே தன்னைத் தாழ்வாக நினைக்கிறவர்களுக்கு? "சொல்லச் சொல்ல, பொய் சொல்றேன்னு உள்ளுக்குள்ள யாரோ சிரிக்கிற மாதிரி இருக்கு மேடம்" என்றார் ஒருவர். கனடாவில் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தின் ஜோஆன் வுட் குழு 2009இல் இதையே சோதித்துப் பார்த்தது. தன்மதிப்புக் குறைவாக இருந்தவர்கள், தான் அன்புக்குரியவர் என்று திரும்பத் திரும்பச் சொன்னபோது, அப்படிச் சொல்லாதவர்களைவிட மோசமாக உணர்ந்தார்கள். நேரலை வகுப்பில் முகம் தெரியாவிட்டாலும் குரல் தெரியும். குரல் உடைந்தால் நிறுத்தச் சொல்லிவிடுவேன். வீடியோவுக்கு அது தெரியாது, அது பாட்டுக்கு "இன்னும் சத்தமாக!" என்கிறது.

இப்போது எழுதப்போவதை எழுத எனக்கு யோசனையாக இருந்தது. ஆனால் இதை விட்டுவிட்டு மற்றதை எழுதுவது சரியில்லை.

ஆகஸ்டில் ஒரு நள்ளிரவு, இரண்டு மணி வாக்கில், எங்கள் வீடியோ குழு ஒன்றில் ஒருவர் எழுதினார்: "ரெண்டு வாரமா தூக்கம் இல்லை. எதுக்கு இருக்கணும்னு தோணுது." காலையில் அந்தக் குழுவைப் பார்க்கும் சக மென்டார், நீங்கள் கொடுத்திருக்கிற தயார் பதில்களில் 17ஆவதை எடுத்து ஒட்டினார்: "நெகட்டிவ் எண்ணங்களைக் குழுவில் பகிர வேண்டாம். 7ஆம் நாள் வீடியோவை மீண்டும் பாருங்கள்." ஒட்டிவிட்டு அந்த மெசேஜை அழித்தும்விட்டார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன். அவர் கையில் மூன்று குழு, அறுநூறு பேருக்கு மேல். பதில் போடத் தாமதமானால் சம்பளத்தில் பிடிப்பது நீங்கள். அழிப்பதற்கு முன் அதைப் பார்த்தவர்களில் நானும் ஒருத்தி. நம்பர் எடுத்துப் போன் செய்தேன். நான்காவது தடவை அவருடைய தம்பி எடுத்தார். அவருக்கு விஷயமே தெரியாது. 14416 என்ற எண்ணைக் கொடுத்து, இப்போதே பேசுங்கள், நீங்களும் அண்ணன் பக்கத்திலேயே இருங்கள் என்றேன். அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போனார்கள். இப்போது மாத்திரை சாப்பிடுகிறார், தூங்குகிறார். போன வாரம் பேசினார். குழுவில் தன் மெசேஜை ஏன் அழித்தார்கள் என்று கேட்டார். நான் என்ன சொல்ல?

14416 என்பது டெலி மானஸ் என்ற மனநல உதவி எண். 2022 அக்டோபர் 10ஆம் தேதி மத்திய அரசு தொடங்கியது. காசு இல்லை, 24 மணி நேரமும் உண்டு, தமிழில் பேசலாம். மாநில அரசின் மருத்துவ உதவி எண் 104 இருக்கிறது. சென்னையில் 1986இலிருந்து ஸ்நேகா என்ற தற்கொலைத் தடுப்பு அமைப்பு இருக்கிறது. வரவேற்பு மெசேஜில் இந்த எண்களை ஒரே ஒரு வரி சேருங்கள் என்று 2023இலேயே கேட்டேன். கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் எனக்குக் கிடைத்த பதில்: "பாசிட்டிவ் கோர்ஸ்ல அந்த மாதிரி லைன் வந்தா ஜாயினிங் குறையும் மேடம்."

நாம் உளவியல் மருத்துவர்கள் இல்லை. எனக்கு நீங்கள் கொடுத்த பயிற்சி நான்கு நாள், அதில் ஒன்றரை நாள் எப்படி விற்பது என்பதைப் பற்றி. நம் விளம்பரத்தைப் பார்த்து வருகிறவர்களில் உடம்பும் மனசும் ஓய்ந்துபோனவர்களே அதிகம். நன்றாக இருக்கிறவர்கள் ராத்திரி பதினொரு மணிக்கு "வாழ்க்கையை மாற்ற வேண்டுமா?" என்ற விளம்பரத்தை ஏன் அழுத்தப் போகிறார்கள்?

விற்பனைக்கு வருகிறேன். 18ஆம் நாள் "வெற்றியாளர் வட்டம்" என்ற ஒரு வருடப் பயிற்சிக்கு லிங்க் அனுப்புகிறோம். 49,999 ரூபாய். பக்கத்தைத் திறந்ததும் மேலே ஒரு கடிகாரம் ஓடுகிறது, இன்னும் 14 நிமிடத்தில் சலுகை முடியும் என்று. மூடிவிட்டுத் திரும்பத் திறந்தால் மறுபடி 14 நிமிடம். நான் நான்கு நாள் திறந்து பார்த்தேன், 14 நிமிடம் தீரவே இல்லை. கீழே இரண்டு பட்டன். ஒன்று பச்சையில் பெரிதாக, "ஆம், நான் மாறத் தயார்". இன்னொன்று சாம்பல் நிறத்தில் சின்னதாக, "வேண்டாம், நான் இப்படியே இருந்துவிடுகிறேன்".

அந்த இரண்டாவது பட்டனை எழுதினது யார் என்று எனக்குத் தெரியாது. மாமியார் திட்டினாலும் பரவாயில்லை என்று மூன்று வருடம் கழித்துத் தெருவில் இறங்கின ஒரு பொம்பளை, கையில் ஐம்பதாயிரம் இல்லாததால் அந்த பட்டனை அழுத்த வேண்டும். அதை ஒருதரம் நினைத்துப் பாருங்கள்.

இதற்கெல்லாம் சட்டத்தில் பெயர் இருக்கிறது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019இன் கீழ், 2023 நவம்பர் 30ஆம் தேதி வெளிவந்த வழிகாட்டு நெறிமுறைகள் இணைய விற்பனையில் வாங்குபவரை ஏமாற்றும் 13 வகைத் தந்திரங்களைப் பட்டியல் போட்டுத் தடுக்கின்றன. பொய்யான அவசரம் காட்டுவது அதில் ஒன்று. வேண்டாம் என்பவரைக் கூச வைத்து வாங்க வைப்பது இன்னொன்று. 2022 ஜூனில் வந்த விளம்பர நெறிமுறைகளின்படி, விளம்பரத்தில் ஒருவர் சொல்வதாகக் காட்டும் கருத்து அவருடைய உண்மையான கருத்தாக இருக்க வேண்டும். அந்த அம்மாவின் உண்மையான கருத்து, வெட்டி எறிந்த வரியையும் சேர்த்ததுதான்.

ரீஃபண்ட் விதியைப் பற்றியும் ஒரு வார்த்தை. 21 நாள் டாஸ்க்கையும் முடித்தவர்களுக்குத்தான் பணம் திரும்பக் கிடைக்கும், ஆனால் சேர்ந்த 7 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். இந்தக் கணக்கைப் போட்டவருக்கு நான் தனியாக ஒரு நன்றி நோட்டு எழுதுகிறேன்.

இதில் என் பங்கு என்ன என்று நீங்கள் கேட்கலாம். கேட்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். குமாரபாளையம் அண்ணன் 18ஆம் நாள் என்னைக் கூப்பிட்டு, "மேடம், அந்தப் பெரிய வகுப்புல சேரட்டுமா? நீங்க சொன்னா சேர்றேன்" என்றார். வேண்டாம் அண்ணா, உங்களுக்குத் தேவையானதை நீங்களே கண்டுபிடித்துவிட்டீர்கள், நோட்டை மட்டும் விடாதீர்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். "யோசிச்சு முடிவு எடுங்க" என்றேன். அது எப்படிக் கேட்கும் என்று தெரிந்தேதான் சொன்னேன். தவணையில் சேர்ந்தார், மாதம் 4,500 ரூபாய். எனக்கு 1,500 ரூபாய் ஊக்கத்தொகை வந்தது. மகளுக்குப் பள்ளிக்கூட ஷூ வாங்கினேன். அந்த ஒரு வருட வகுப்பில் மாதம் ஒரு வெபினார், ஆயிரம் பேரோடு. அவர் இரண்டு தடவை போயிருக்கிறார். இரண்டு தடவையும் கை தூக்கினாராம், யாரும் கூப்பிடவில்லையாம். ராத்திரி ஷிஃப்டையும் சேர்த்துப் பார்க்கிறார் இப்போது. போன் செய்து மன்னிப்புக் கேட்டேன். "அட விடுங்க மேடம், நோட்டு எழுதிட்டுத்தான் இருக்கேன்" என்றார். திட்டியிருந்தால் பரவாயில்லை என்றிருந்தது. செப்டம்பரில் வேலையை விட்டுவிட்டேன்.

வகுப்பை மூடச் சொல்ல இதை எழுதவில்லை. எட்டரை மணிக்கு ஐந்து பேர் ஒரு அறையில், அறிவுரை சொல்லாமல், ஒருவரை ஒருவர் கேள்வி மட்டும் கேட்டால் என்ன நடக்கும் என்று நான்கு வருடம் பார்த்திருக்கிறேன். அதை நடத்த முதலில் இடம் கொடுத்தது நீங்கள்தான். அதனால் என் கோரிக்கைகள் இவை.

வாரத்துக்கு ஒரு நாளாவது நேரலைச் சிறு குழுவைத் திரும்பக் கொண்டுவாருங்கள், ஒரு மென்டாருக்கு 40 பேருக்கு மேல் கொடுக்காதீர்கள். தினமும் முடியாது என்றால் புரிகிறது, ஜூமுக்கும் சம்பளத்துக்கும் செலவாகும். கட்டணத்தைக் கொஞ்சம் கூட்டினாலும் சேருவார்கள், 49,999 இல்லாமல் இருந்தால் போதும். நன்றி நோட்டில் "ஏன்" கட்டத்தைத் திரும்பச் சேருங்கள், 40 எழுத்துக் கட்டுப்பாட்டை எடுங்கள். "21 நாளில் மாற்றம், அறிவியல் நிரூபித்தது" என்பதை வீடியோவிலிருந்தும் விளம்பரத்திலிருந்தும் நீக்குங்கள். கண்ணாடிப் பயிற்சியைக் கட்டாயம் இல்லை என்றாக்குங்கள்.

தயார் பதில் 17ஐ இன்றே அழியுங்கள். வரவேற்பு மெசேஜில் 14416, 104 இரண்டையும் போடுங்கள். தகுதி பெற்ற உளவியல் ஆலோசகர் ஒருவரையாவது நியமித்து, யாராவது இப்படி எழுதினால் எத்தனை நிமிடத்துக்குள் யார் கூப்பிட வேண்டும் என்று மென்டார்களுக்கு எழுத்தில் கொடுங்கள். அந்தப் பொறுப்பை ராத்திரி இரண்டு மணிக்குத் தூங்குகிற மென்டார் தலையில் கட்டாதீர்கள்.

பயிற்சி நடக்கும் நாட்களில் குழுவுக்குள் எதையும் விற்கக் கூடாது. தீராத கடிகாரத்தையும் அந்தச் சாம்பல் நிற பட்டனின் வாசகத்தையும் எடுங்கள், "வேண்டாம்" என்றால் "வேண்டாம்" என்று மட்டும் இருக்கட்டும். நிபந்தனைகளைத் தமிழில் ஒரு பக்கத்தில், பணம் கட்டுவதற்கு முன் காட்டுங்கள். ஒரு வருட வகுப்பிலிருந்து விலக விரும்புகிறவர்களுக்கு மீதித் தவணையை ரத்து செய்யுங்கள், குமாரபாளையம் அண்ணனிடமிருந்து தொடங்குங்கள். அவருக்காக எனக்கு வந்த 1,500 ரூபாயை உங்கள் கணக்குக்கு அனுப்பிவிட்டேன், ரசீது மெயிலில் இருக்கிறது. அதை அவருக்குக் கொடுத்துவிடுங்கள்.

இவற்றுக்கு இந்த மாதம் 30ஆம் தேதிக்குள் எழுத்தில் பதில் வேண்டும். வராவிட்டால் 1915இல், தேசிய நுகர்வோர் உதவி எண்ணில், புகார் பதிவு செய்வேன். கடிகாரம் ஓடும் பக்கத்தையும் பட்டனையும் நான்கு நாளும் தேதியோடு ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைத்திருக்கிறேன்.

30ஆம் தேதி வரை காத்திருக்காத கோரிக்கை ஒன்று இருக்கிறது. அந்த அம்மாவின் குரல் வரும் விளம்பரத்தை எல்லா இடத்திலிருந்தும் இன்றே எடுங்கள், எடுத்துவிட்டு அவரைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். திருப்பூரில் இருக்கும் அவருடைய அண்ணன் குரலை வைத்தே கண்டுபிடித்து, "ஊருக்கே சொல்லிட்டியா?" என்று கேட்டுவிட்டார். மாமியார் கண்ணில் இன்னும் படவில்லை.